மணலூர் மணியம்மையார்

தஞ்சையைச் சோழவளநாடெனப் புகழும் நூல்கள் பல. அவ்வளத்தை விளைத்த பண்ணையாட்களோ சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாகப் பெற்று வாழ்ந்தனர். அக்கொடுமையை எதிர்த்துப் போராடியோருள் மணலூர் மணியம்மையார் தனிச்சிறப்புக்குரியவர்.

அந்தணர் குலத்திற் பிறந்த அவர் இளமையிலேயே கணவனை இழந்தார். கைம்பெண்ணுக்கு ஊர் விதித்த மூலையில் அவர் முடங்கவில்லை. காங்கிரசில் தொண்டாற்றிப் பின்னர் பொதுவுடைமை இயக்கத்திற் சேர்ந்தார். தலைமயிரைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் அணிந்து, சிலம்பம் பயின்று, சேரிதோறும் சென்று உழவரைச் சங்கமாகத் திரட்டினார். பிறர் சுமத்திய கோலத்தைக் களைந்து, தம் பணிக்கேற்ற கோலத்தைத் தாமே தேர்ந்தமை அவர்தம் முதற் புரட்சி எனலாம்.

1952இல் தஞ்சைப் பண்ணையாட்களுக்கும் குத்தகை உழவர்க்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டே, மானொன்று முட்டியதால் அவர் உயிர்நீத்தார். பல்லாண்டுகளின் பின், அவர் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்னும் புதினமாக்கினார்.

சட்டம் பிறந்த ஆண்டை வரலாற்று நூல்கள் குறிக்கின்றன; அதற்காக வரப்பிலே நடந்த கால்களை அவை பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. நெல்வயல் சூழ்ந்த சொறிக்கல்முனையில் வாழும் நாமும், நம் வயல்களில் உழைத்த பெண்களின் வரலாற்றை, அறிந்த முதியோர் மறையுமுன் எழுதிவைத்தல் கடனாகும்.