பாலுக்கென்று பிறந்த தூள்

மேட்டுப்பாளையத்தில் டீத்தூளைச் சில்லறையாக நிறுத்து விற்கும் கடை எங்களுடையது. "எவ்வளவு உசத்தித் தூள் வாங்குனாலும் வீட்ல கடை டீ மாதிரி வர்றதில்லீங்க" என்று சொல்லாத வாடிக்கையாளர் குறைவு. என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால், நீளமாகச் சுருண்ட, விலை கூடிய இலைத் தேயிலை என்பார்கள். அந்த இலையில் ஒரு குறையும் இல்லை. பால் ஊற்றாமல் குடிப்பவர்களுக்காகச் செய்த சரக்கு அது. பாலில் கொதிக்கிற நம் டீக்கு வேறு தூள் பிறந்தது. பிறந்த கதை தெரிந்தவர்கள் கடையில் தடுமாற மாட்டார்கள்.

நீலகிரியில் தேயிலை நட்டுப் பார்த்தது 1830களில். தாய்சோலை, டன்சாண்டில் போன்ற தோட்டங்களில் அது வியாபாரப் பயிரானது 1860களில். கொழுந்தை வாடவைத்து, உருட்டி, காயவைத்துப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். கொழுந்து கிள்ளியவர்களின் ஊர்களில் அப்போது விடியலில் குடித்தது நீராகாரம். வசதிப்பட்ட வீடுகளில் பிறகு காபி வந்தது. தேயிலை விளைந்த நாட்டில் தேயிலை குடிக்க ஆளில்லை.

அதை மாற்றியது தோட்ட முதலாளிகளின் நெருக்கடி. 1903இல் ஏற்றுமதித் தேயிலைக்கு ஒரு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்யத் தொடங்கினார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் விலை சரிந்தது. 1933இல் இந்தியாவும் இலங்கையும் டச்சு கிழக்கிந்தியாவும் ஏற்றுமதிக்கு அளவு வைத்து ஒப்பந்தம் போட்டன. வெளியே போகாத தேயிலையை உள்ளூரிலேயே விற்றாக வேண்டிய கட்டாயம். சந்தையிலும் திருவிழாவிலும் டீ போட்டுக் காட்டினார்கள். காலணா விலையில் சின்னப் பொட்டலங்கள் வந்தன. ரயில் நிலையங்களில் எனாமல் பலகைகள் ஏறின. இலையைத் தனிப் பாத்திரத்தில் ஊறவிட்டு, பாலைப் பிறகு சேர்க்கும்படி அந்தப் பலகைகள் சொல்லிக்கொடுத்தன.

நம் ஜனங்கள் டீயை எடுத்துக்கொண்டார்கள், முறையை எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் தேயிலையில் நிறையச் சாயம் இறங்க வேண்டும், அது பாலையும் சர்க்கரையையும் தாங்கி நிற்க வேண்டும். கூலிக்காரரின் கையிலிருந்த காசு கேட்டது அதைத்தான். சுருண்ட இலையால் அது முடியவில்லை. பாலிலுள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். மென்மையான இலையில் அதன் பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

விடை அசாமிலிருந்து வந்தது. அங்கே அம்குரி தோட்டத்தில் 1930 வாக்கில் வில்லியம் மெக்கர்ச்சர் ஒரு இயந்திரம் அமைத்தார். பல் வெட்டிய இரண்டு உருளைகள் கரும்பாலையில் போல எதிரெதிரே சுழலும். ஆனால் ஒன்று மெதுவாக, மற்றது பல மடங்கு வேகமாக. நடுவில் விழும் கொழுந்து நசுங்கி, கிழிந்து, சுருண்டு குருணையாகும். இந்த மூன்று வேலைகளின் ஆங்கில முதலெழுத்துகள்தான் சி.டி.சி. இலையின் சாறு முழுக்க வெளியே வந்துவிடுவதால் பச்சை சீக்கிரமே செம்பு நிறத்துக்கு மாறும். கொதிநீர் பட்டதும் சாயம் மளமளவென இறங்கும். சுதந்திரத்துக்குப் பின் இந்த இயந்திரம் பரவப் பரவ, டீ ஏழையின் தம்ளருக்கும் வந்தது.

நீலகிரியில் இது விவசாயிகளின் கதையும்கூட. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருந்தவர்கள் கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். 1962இல் குந்தாவில் கூட்டுறவுத் தொழிற்சாலை வந்தது; மறு ஆண்டு குன்னூரில் ஏலம் தொடங்கியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்காக அரசே தோட்டம் போட்டது. இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அது. சிறு விவசாயியின் கொழுந்தில் பெரும்பகுதி போய்ச் சேர்வது சி.டி.சி. உருளைக்குத்தான்.

ஆகவே தூள் என்றால் கழிவு என்று நினைக்காதீர்கள். ஒரே கொழுந்து, ஒரே உருளை. சல்லடையில் அளவு பிரிகிறது, அவ்வளவுதான். பெரிய குருணை பி.பி., பி.ஓ.பி.; வடக்கே இஞ்சி, ஏலக்காய் போட்டு நேரம் எடுத்துக் கொதிக்கவிடுபவர்கள் இவற்றைக் கேட்பார்கள். நம் பக்கம் டிக்காஷன் இறக்க எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி. போன்ற பொடித் தூள்.

என் அப்பா சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்து, தூளில் மூச்சை ஊதி, உடனே முகர்ந்து பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்க்கிறேன். குருணை ஒரே அளவாக, கருமையாக, கனமாக இருக்க வேண்டும். பழுப்பு நார் மிகுந்திருந்தால் காம்பு கலந்திருக்கிறது. ஒரு சிட்டிகையைப் பச்சைத் தண்ணீரில் தூவிப் பாருங்கள். தொட்டதும் நிறம் ஓடினால் சாயப்பொடியைச் சந்தேகியுங்கள். நீலகிரித் தூளில் மணம், அசாம் தூளில் திடம். இதே வரிசையில் மூன்றுக்கு ஒன்று கலந்தால் வீட்டுக்குப் போதும். மசாலா டப்பா பக்கத்தில் வைக்காதீர்கள், தூள் வாசனையை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் நன்றாகக் கொதித்தபின் தூளைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் பால் ஊற்றுங்கள். அதிகம் கொதித்தால் பொடித் தூள் கசந்துவிடும்.

1990களின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலை விழுந்து மலையே தவித்தது. சாயம் ஏற்றிய மலிவுத் தூளை நாம் வாங்கும்போதெல்லாம், நல்ல கொழுந்து கிள்ளிக் கொடுத்தவரின் விலைதான் இறங்குகிறது. கடைக்காரரிடம் இது எந்த ஊர்த் தூள், எந்த ரகம், எப்போது வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.