வாய் திறந்த குடும்பப் படம்

1843ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில், லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரிக்கு எல்லோருக்கும் கடிதம் எழுத நேரமில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் வருவதற்கு உழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு, மூன்று தலைமுறைக் குடும்பம் ஒன்று ஒயின் கிண்ணம் உயர்த்துவது போல ஒரு படம் வரையச் சொன்னார். ஆயிரம் பிரதிகள் அச்சாயின. வாழ்த்தும் அச்சிலேயே இருந்ததால், பெறுபவர் பெயரையும் தன் பெயரையும் எழுதினால் போதும். விலை ஒரு ஷில்லிங். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான்.

வேலை சுலபமாயிற்று. ஆனால் அட்டையில் இருந்தது யாருடைய குடும்பமும் இல்லை, அதிலிருந்த வாசகம் யாருடைய பேச்சும் இல்லை. சொந்தக் குடும்பப் படத்தில் பேச்சுக் குமிழ் ஒட்டி வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்யும் வழக்கம், அப்படித் தொலைந்த குரலை மீட்டுக்கொண்டு வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

முதலில் வந்தது குடும்பப் படம். 1903இல் கோடக் நிறுவனம் தபால் அட்டை அளவிலேயே நெகட்டிவ் தரும் மடக்குக் கேமரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டு வாசலில் எடுத்த படம் அப்படியே அஞ்சலட்டையானது. அமெரிக்காவில் அப்போது ஒரு விதி இருந்தது: அட்டையின் பின்புறத்தில் முகவரி மட்டுமே எழுதலாம். 1907 மார்ச் மாதம்தான் அந்தப் பக்கத்தைப் பாதியாகப் பிரித்துச் செய்தியும் எழுத அனுமதி கிடைத்தது. அதுவரை சொல்ல நினைத்ததையெல்லாம் படத்தின் ஓரத்தில், வானத்தில், வேலிக்கு மேல் நெருக்கி எழுத வேண்டியிருந்தது. எழுத்து படத்துக்குள் நுழைந்துவிட்டது. ஆனால் யார் வாயிலிருந்து வருகிறது என்று காட்ட அதற்கு வால் முளைக்கவில்லை.

அந்த வாலின் கதை தேவாலய ஓவியங்கள் வரை போகிறது. 1430களில் யான் வான் ஐக் வரைந்த ஓவியம் ஒன்று இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. தேவதூதர் மரியாளுக்கு வாழ்த்துச் சொல்கிறார். சொற்கள் அவர் வாயிலிருந்து பொன்னெழுத்தில் நீள்கின்றன. மரியாளின் பதிலோ தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. மேலே இருக்கும் கடவுள் படிப்பதற்காக! பேச்சு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை எழுத்தின் திசையிலேயே காட்டிய அந்த ஓவியரை வியக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு ஜேம்ஸ் கில்ரே போன்ற ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர்கள் அரசியல்வாதிகளின் வாயில் குமிழ்களை ஊதினார்கள். 1896 அக்டோபர் 25 அன்று நியூயார்க் நாளேடு ஒன்றில், ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த 'மஞ்சள் பையன்' ஒரு ஃபோனோகிராஃப் பெட்டியோடு வந்தான். அதுவரை அவன் பேச்சு பெரும்பாலும் அவனுடைய நீள அங்கியின்மேல்தான் எழுதப்பட்டிருக்கும். அன்று பெட்டியின் பேச்சு குமிழில் வந்தது; பெட்டிக்குள் இருந்ததோ ஒரு கிளி!

கோட்டுச் சித்திரத்துக்கு உரிய குமிழைப் புகைப்படத்தில் பரவலாகப் புழங்கவிட்டது இத்தாலி. போர் முடிந்து 1947இல் அங்கே புகைப்படக் காதல் கதைகள் வார இதழ்களில் வரத் தொடங்கின. நடிகர்களை நிற்க வைத்துப் படமெடுத்து, வசனத்தை மேலே பொருத்துவார்கள். ஃபெலினியின் 1952ஆம் ஆண்டுப் படமான 'வெள்ளை ஷேக்', அப்படிப்பட்ட கதையின் நாயகனைத் தேடி ரோமில் அலையும் புதுமணப் பெண்ணைப் பற்றியதுதான்.

இதன் பிறகு வீட்டு மேசைக்கு வர அதிக தூரமில்லை. வெள்ளைத் தாள், கத்தரிக்கோல், பசை, கறுப்புப் பேனா போதும். குமிழை முகத்தின்மேல் ஒட்டாமல் சுவரோ வானமோ உள்ள வெற்றிடத்தில் ஒட்ட வேண்டும். வாலின் நுனி வாயை நோக்கிப் போனால் போதும், உதட்டைத் தொட வேண்டாம். முதலில் பேசுபவரின் குமிழ் மேலே இடப்பக்கம் இருந்தால்தான் பதில் பதிலாகப் படும். தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் சொற்கள் நீளம். ஒடுங்கிய குமிழில் பாதியில் முறியும். 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைத் தமிழில் கொண்டுவந்தபோது, ஆங்கில வசனத்துக்கென்று வரைந்த குமிழ்களில்தான் தமிழ் அடங்க வேண்டியிருந்தது. வீட்டில் செய்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வசனத்தை முதலில் எழுதிவிட்டு, அதைச் சுற்றி அகலமாகக் குமிழை வரையலாம்.

இப்போது கணினியிலும் கைபேசியிலும் குமிழ் தயாராகவே கிடைக்கிறது. வாலை இழுத்து வாயருகே விட்டால் முடிந்தது. அதற்குள் 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்' என்று எழுதினால் மறுபடியும் கோலின் அட்டைதான் கிடைக்கும். பாட்டியிடமே போய், பேரனுக்கு என்ன எழுதட்டும் என்று கேளுங்கள். "லீவு இல்லேன்னு சொன்னா உங்க மேனேஜர் நம்பரைக் குடுடா, நான் பேசிக்கிறேன்" என்பார். ஒரு சொல்லும் திருத்தாமல் அதை அப்படியே குமிழில் எழுதுங்கள்.