ப்ராபெட்-5: பெயரை நம்பலாமா?

கலிபோர்னியாவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் 1978-ல் விற்க ஆரம்பித்த சிந்தசைசர் ப்ராபெட்-5. ஒரே நேரத்தில் ஐந்து சுரம், செட் பண்ணிய ஒலியை நினைவில் வைக்கும் வசதி. ஆனால் கையால் பூட்டிய முதல் 182 கருவிகள் அடிக்கடி பழுதாகும். எஸ்எஸ்எம் சிப்பில் சுருதியும் நிற்காது. மேடையில் வாசிப்பவர் என்ன செய்வார்?

1980-ல் டேவ் ஸ்மித் ஒட்டுப்போடவில்லை. சிப்களையே தூக்கிவிட்டு கர்ட்டிஸ் சிப் போட்டார். அதுதான் ரெவ் 3. சுருதி நின்றது. (ஒலி போச்சு என்று புலம்புகிறவர்கள் இன்றும் உண்டு.) பழசு வாங்குகிறவர்கள் கம்பெனிப் பெயரோடு நிற்காமல் எந்த ரெவ் என்று கேட்பார்கள். சரியான கேள்வி.

2020-ல் வந்த ரெவ் 4-ல் எஸ்எஸ்எம் வழிவந்த ஃபில்டரும் இருக்கிறது, கர்ட்டிஸ் ஃபில்டரும் இருக்கிறது. சுருதி தரும் ஆசிலேட்டருக்கு மட்டும் கர்ட்டிஸ்தான்.