தண்டவாளத்திலிருந்து கோர்ட் வாசல்வரை: சட்டக் காப்பீட்டின் முன்கதை

மாதாமாதம் கொஞ்சம் கட்டிவைத்தால், கேஸ் என்று வரும்போது வக்கீல் ஃபீஸைக் காப்பீடே ஏற்றுக்கொள்ளும் என்கிற ஏற்பாட்டைப் பற்றி வக்கீல் நண்பர் ஒருவரிடம் பேசினேன். ‘எங்க பொழப்பு என்னாவறது?’ என்றார். பிறகு குரலை மாற்றி, ‘தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கில்ல’ என்றார். பொழப்பு எந்த இடத்தில் தர்மமாகிறது என்பதுதான் என் அக்கறை. அமெரிக்காவில் இது உச்சநீதிமன்றம்வரை போய்த் தீர்ந்த கதை.

ரயில் பெட்டிகளைக் கோர்க்கிறவன் கை நசுங்குவது சர்வ சாதாரணமாயிருந்த 1883இல், ரயில்வே தொழிலாளர்கள் ‘பிரதர்ஹுட் ஆஃப் ரெயில்ரோட் டிரெயின்மென்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். காயம்பட்டவனைத் தேடி முதலில் வருபவன் கம்பெனி ஏஜெண்ட். ஏதோ கொஞ்சம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போய்விடுவான். தப்பித்தால் அடுத்து வக்கீல். அவருக்கும் சீக்கிரம் முடித்துக் காசு பார்க்கிற அவசரம். 1930இல் சங்கம் நாட்டைப் பதினாறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நம்பிக்கையான வக்கீலைத் தேர்ந்து, ‘இவரிடம் போ’ என்று உறுப்பினர்களுக்குச் சொல்லத் தொடங்கியது. வர்ஜீனியா வக்கீல் அமைப்பு இதைக் கேஸ் பிடிக்கிற வேலை என்றது. கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்தால் வியாபாரம், சங்கத்துக்காரன் வந்தால் ஒழுக்கக்கேடு! (கேஸ் தேடிப் போகக்கூடாது என்று நம்ம ஊர் பார் கவுன்சில் விதியும் சொல்கிறது.) ஒருவருக்கொருவர் ஆலோசனை சொல்லிக்கொள்வதும் கூடுவதும் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று 1964இல் தீர்ப்பெழுதினார் நீதிபதி ஹியூகோ பிளாக். ஒருகாலத்தில் விபத்து வழக்குகளில் தொழிலாளிகளுக்காக வாதாடியவர் அவர்.

இதைத் தொழிலாளி வர்க்கத்தின் வெற்றி என்று கொண்டாடிவிட்டுப் போகமுடியவில்லை. சங்கத்துக்குக் கைகொடுத்த முன்தீர்ப்பு, முந்தைய ஆண்டில் கறுப்பின மக்களின் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. போராடிப் பெற்றது. பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்ற 1954 தீர்ப்புக்குப் பழிவாங்குகிற மாதிரி, 1956இல் வர்ஜீனியா தன் ‘கேஸ் பிடித்தல்’ சட்டத்தை விரித்து அந்த அமைப்பின் மீது வீசியது. 1963இல் அது செல்லாது என்றானது. டிரெயின்மென் சங்கமோ வெள்ளையர் சங்கம். கறுப்பினத் தொழிலாளிகளை ரயில் வேலையிலிருந்து வெளியேற்றக் கம்பெனியை நெருக்கி, 1952இல் இதே பிளாக் எழுதிய தீர்ப்பில் குட்டு வாங்கிய சங்கம். யாரைத் துரத்தினார்களோ அவர்கள் போட்ட பாதையில்தான் இவர்கள் நடந்து வந்தார்கள்.

வக்கீல் வருமானத்தில் நேரடியாகக் கைவைத்தது இலினாய் சுரங்கத் தொழிலாளர் சங்கம். கிடைக்கிற இழப்பீட்டில் 40, 50 சதவீதத்தை வக்கீல்கள் எடுத்துக்கொள்வதாக 1913இலேயே அவர்கள் கண்டறிந்தார்கள். பேசாமல் ஒரு வக்கீலைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வந்தபோது அவர் சம்பளம் ஆண்டுக்கு 12,400 டாலர். இழப்பீடு முழுசாக உறுப்பினருக்கே. வக்கீல் அமைப்பு தடை கேட்டது, 1967இல் தோற்றது. சதவீதம் சம்பளமாகிவிட்டால் வக்கீலும் உழைப்பாளிதானே! அதைத்தான் அவர்களால் சீரணிக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் காப்பீடு வந்தது. 1971இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் கட்டட வேலைக்காரர்கள் மணிக்கு இரண்டு சென்ட் வீதம் போட்டு, வேண்டிய வக்கீலிடம் போனார்கள். இதற்கு அமெரிக்க பார் அசோசியேஷனே ஆதரவு. இரண்டே ஆண்டில், சட்ட உதவி நிதிக்கு முதலாளியும் பங்கு செலுத்தலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. உடனே சண்டை இடம் மாறியது: உறுப்பினர் எந்த வக்கீலிடமும் போகலாமா, சங்கம் குறித்தவரிடம் மட்டுமா? எவரும் வரலாம் என்றால் காப்பீட்டுப் பணம் எல்லா வக்கீல்களுக்கும் பரவும். 1974இல் ஹூஸ்டனில் கூடிய அசோசியேஷன் அந்தப் பக்கமாக விதிகளைச் சாய்த்தது. அரசின் நீதித்துறை முறைக்கவே, அடுத்த ஆண்டு பின்வாங்கியது. தர்மம் ஓராண்டில் மாறிவிட்டது பாருங்கள்.

வக்கீலுக்கு எஜமானன் யார் என்ற கேள்வியை மட்டும் நண்பர் விடவில்லை. நியாயமான கேள்விதான். இலினாய் சங்கம் தன் வக்கீலுக்குக் கொடுத்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்: சங்கம் எதிலும் தலையிடாது, உன் கடமை உன் கட்சிக்காரருக்கு மட்டுமே என்று அதில் இருந்தது. ‘அது சங்கம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் இப்படி எழுதிக் குடுப்பானா?’ என்றார்.