ஒரு சொம்பு போதும்... மேடையில் கெத்து காட்டலாம்!

மேடை மேஜிக்னாலே ஆளை ரெண்டா அறுக்கிற பெட்டி வேணுமா? பட்ஜெட் கம்மின்னா சொம்பைத் தூக்குங்க. மீம்ஸ் சொம்பு இல்லைங்க... பி.சி.சர்க்கார் நிகழ்ச்சிகளில் பிரபலமான 'வாட்டர் ஆஃப் இந்தியா' சொம்பு!

சொம்பைக் கவிழ்த்துக் காலி செய்யணும். அடுத்த வித்தை முடிந்ததும் மறுபடி கவிழ்த்தால், மறுபடியும் தண்ணீர் கொட்டும். உள்ளே ஒரு ரகசிய அறை, வெளியே குட்டித் துளை. துளையைக் கட்டைவிரலால் அடைத்துக் கவிழ்த்தால் நடுப்பகுதி மட்டும் காலியாகும். நிமிர்த்தி விரலை எடுத்தால் காற்று புகுந்து, மறைந்திருக்கும் தண்ணீர் நடுப்பகுதிக்கு வந்துவிடும். இந்தச் சொம்பு மேஜிக் பொருள் கடைகளில் கிடைக்கும்.

இடையில் கயிறு வித்தை, கிழித்த பேப்பரை ஒட்டவைக்கும் வித்தை என ரெண்டு போதும். ஆனால், சொம்பை மட்டும் தொடர்ந்து ரெண்டு முறை கவிழ்த்துடாதீங்க. ஆடியன்ஸ் அதை மறந்த நேரத்தில் கொட்டினால்தான் கைதட்டல். ஒத்திகையை மொபைலில் வீடியோ எடுங்க. கட்டைவிரல் எங்கே இருக்குன்னு கேமரா காட்டிக்கொடுத்துடும்!