ஒருபக்கப் பெருமூளை வாதத்தில் கைப்பயிற்சிச் சிகிச்சை

ஒருபக்கப் பெருமூளை வாதம் உள்ள சிறுவர்களும் இளைஞர்களும் வலுக்குறைந்த கையை அன்றாட வேலைகளில் பயன்படுத்துவதற்காக அளிக்கப்படும் தீவிரப் பயிற்சியே கைப்பயிற்சிச் சிகிச்சை. நல்ல கையைக் கட்டிவைத்துப் பயிற்றுவது, இரு கைகளையும் சேர்த்துப் பயிற்றுவது என இதில் இரண்டு முக்கிய முறைகள் உள்ளன.

பின்னணி

வளரும் மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்படும்போது, உடலின் எதிர்ப்பக்கக் கையும் காலும் தளர்கின்றன அல்லது இறுகுகின்றன. குழந்தை எல்லா வேலையையும் நல்ல கையாலேயே செய்து பழகிவிடுகிறது. மற்றக் கை தன்னால் முடிந்ததையும் செய்யாமல் ஒதுங்கிவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இந்த நிலையை மாற்ற வழிகாட்டினார். அவரது ஆய்வில், ஒரு கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகள் அந்தக் கையைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டன. நல்ல கையைக் கட்டியதும் பாதிக்கப்பட்ட கையை மீண்டும் பயன்படுத்தத் தொடங்கின. இந்த அறிவு முதலில் பக்கவாத நோயாளிகளுக்கும் பின்னர் குழந்தைகளுக்கும் பயன்பட்டது.

கட்டுப்பாட்டு முறை

நல்ல கைக்கு மாவுக்கட்டோ கையுறையோ போட்டு, மற்றக் கையால் விளையாட்டும் வேலையும் செய்ய வைக்கிறார்கள். டாப் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 18 குழந்தைகளில் சிகிச்சை பெற்றவர்கள் நாளொன்றுக்கு 6 மணி நேரம் வீதம் 21 நாள் பயிற்சி பெற்று, புதிய கைத்திறன்களைக் கற்றனர்.

இருகைப் பயிற்சி

சட்டைப் பொத்தான் போடவும் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகவும் இரண்டு கைகளும் வேண்டும். வலுக்குறைந்த கை பாட்டிலை அசையாமல் பிடித்துக்கொண்டாலே மற்றக் கை மூடியைத் திறந்துவிடும். இத்தகைய வேலைகளை எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் பயிற்றும் முறையை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டன் குழுவினர் உருவாக்கினர். பயிற்சி நேரம் சமமாக இருந்தால் இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தருகின்றன.

மதிப்பீடும் துணைச் சிகிச்சையும்

4 முதல் 18 வயது வரையுள்ளவர்களின் கைத்திறனை 5 நிலைகளாகப் பிரிக்கும் அளவீடு 2006-இல் வெளியானது. போட்டுலினம் ஊசி தசை இறுக்கத்தைக் குறைக்கும். ஆனால் பயிற்சி சேராமல் அது திறனைத் தராது. பிறர் கையை நீட்டி மடக்கிவிடுவதாலும் திறன் வளராது. குழந்தை தானே முயன்று செய்ய வேண்டும்.

பலன்

சிகிச்சையால் மூளையின் காயம் ஆறுவதில்லை. ஆனால் தன் சாப்பாட்டையும் உடையையும் தானே கவனித்துக்கொள்ளும் திறன் கூடுகிறது. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், குழந்தை தான் செய்ய விரும்பும் வேலையையே இலக்காக வைத்து, வீட்டிலும் பயிற்சியைத் தொடர்வது அவசியம்.