எலிக்கு விரித்த பாய்

பெரியதாழையில் கடலை ஒட்டிய வீடுகளில் துணி முழுசாக உலர்ந்து கிடப்பது அபூர்வம். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். போர்வையைப் பிசுபிசுக்க வைக்கும். ஆடிக்காற்று அடிக்கும்போது சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியிலிருந்து மண் பறக்கும். இந்தக் காற்றில் உட்கார்ந்து கணினியில் விளையாடும் பையன் எந்த மவுஸ் பேடை வாங்குவது? கேள்வி சின்னதுதான். பதிலுக்குப் பின்னால் அரை நூற்றாண்டைத் தாண்டிய கதை இருக்கிறது.

1964-ல் கலிபோர்னியாவில் டக்ளஸ் எங்கல்பார்ட் குழு செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு உலோகச் சக்கரங்கள், அவ்வளவுதான். 1968 டிசம்பர் 9 அன்று மவுஸை எங்கல்பார்ட் மேடையில் இயக்கிக் காட்டியபோது, ஹெர்மன் மில்லர் என்ற அறைகலன் நிறுவனத்தின் ஜாக் கெல்லி வடிவமைத்த பலகை ஒன்று முன்னால் இருந்தது. விசைப்பலகையோடு, மவுஸ் நகரவும் அதில் தனியிடம் விட்டிருந்தார்கள். மவுஸ் உலகத்தின் கண்ணில் பட்ட அன்றே அதற்கான இடமும் கூடவே வந்துவிட்டது.

பிறகு வந்தது உருண்டை. பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்தவர்களுக்கு அந்த உருண்டை நன்றாக நினைவிருக்கும். அம்புக்குறி திரையில் திக்கித் திக்கி நகர்ந்தால், மவுஸைக் கவிழ்த்து, மூடியைத் திருகி, ரப்பர் குண்டை உள்ளங்கையில் கொட்டி, உள்ளே உருளையில் படிந்த கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்ட வேண்டும். வழவழப்பான மேசையில் குண்டு வழுக்கும். பிடிமானத்துக்காகத்தான் துணி ஒட்டிய ரப்பர் அட்டை வந்தது. கடைப்பெயரை அச்சடித்து இலவசமாகக் கொடுத்த அட்டைகளும் உண்டு. தரத்தைப் பற்றி அப்போது யார் கவலைப்பட்டார்கள்?

குண்டுக்கு மாற்றும் அப்போதே இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் மவுஸ் சிஸ்டம்ஸ் விற்ற ஒளி மவுஸ், கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தனி உலோகத் தகட்டின் மேல் மட்டுமே ஓடும். தகடு தொலைந்தால் மவுஸும் வீண். 1999-ல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் அந்தத் தளையை அறுத்தது. கீழே இருக்கும் பரப்பை அதன் உணரி நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படமெடுத்து, படத்துக்குப் படம் ஒப்பிட்டு நகர்வைக் கணக்கிடும். இனி அட்டையே தேவையில்லை என்றுதான் பேச்சு.

அட்டையைக் காப்பாற்றியவர்கள் விளையாட்டுக்காரர்கள். அதே 1999-ல் கவுன்டர்-ஸ்ட்ரைக் பரவத் தொடங்கியது. மயிரிழை தவறினால் ஆள் காலி என்ற விளையாட்டில், உணரிக்கு அட்டை வேண்டியதில்லை என்றாலும் கைக்கு வேண்டியிருந்தது. 2001-ல் டென்மார்க்கில் தொடங்கி, இன்று ஸ்டீல்சீரிஸ் என்று அறியப்படும் நிறுவனத்தின் முதல் சரக்கே ஒரு மவுஸ் பேட்தான்: ஐஸ்மேட், சொரசொரப்பாக்கிய கண்ணாடி. கண்ணாடியில் மவுஸ் பறக்கும். நினைத்த இடத்தில் நிறுத்துவதுதான் பாடு. அதே நிறுவனத்தின் துணிப் பேடான க்யூசிகே பின்னாளில் போட்டி மேசைகளில் சாதாரணமாகிவிட்டது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் துணிப் பேடை மதிப்பிடச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தமடைப் பாயை வாங்கத் தெரிந்தால் போதும். கோரை எவ்வளவு மெலிசாகக் கிழிபட்டிருக்கிறது, பாவு நூல் எவ்வளவு நெருக்கம், ஓரம் எப்படி முடிந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள் அல்லவா, இங்கும் அதே சோதனைதான். நெசவு சீராக இருந்தால் மவுஸ் எந்தத் திசையிலும் ஒரே மாதிரி ஓடும். ஓரத்தைத் தைத்திருந்தால் பிசிறு கிளம்பாது. அடியில் நல்ல ரப்பர் இருந்தால் மேசையை விட்டு அசையாது. அது மரத்தில் பால் வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பர் என்றால், பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறைத் தோட்டங்களில் விளையும் அதே வகைதான்.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. மணிக்கட்டை மட்டும் அசைப்பவருக்குச் சின்னது போதும். முழங்கையோடு வீசி விளையாடுபவருக்கு 45-க்கு 40 சென்டிமீட்டராவது வேண்டும். பளபளக்கும் வண்ண விளக்கு வைத்த பேடுக்குக் கொடுக்கும் காசு விளக்குக்குத்தான் போகிறது.

கடலோரத்துக்கு வந்தால் கணக்குக் கொஞ்சம் மாறும். துணி ஈரத்தைக் குடிக்கும். இராத்திரி மவுஸ் கனத்துப்போகும். கடினமான பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ ஈரத்துக்கு அசையாது, ஆனால் ஒரு துளி தேரி மணல் ஏறினால் மவுஸின் டெஃப்லான் பாதத்தை அரைத்துவிடும். இரண்டில் துணியே மேல்: கழுவலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டு, மென்மையாகத் தேய்த்து அலசுங்கள். வெயிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ரப்பர் சுருண்டுகொள்ளும். நிழலில், தட்டையாக, ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.